லாக்-அப் நடுக்கம்: கப்பல் பட்டறையிலிருந்து வெளிவட்டச் சாலை வரைக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது ரெண்டு தடவை சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டு, கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

இந்த வாரம் ஒரு ராஜா கதையோ ஒரு போர்க் கதையோ கிடையாது. ஒரு நடுக்கத்தோட வரலாறு.

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுறவங்க சில பேருக்கு இது உடனே புரியும். 60 கிலோமீட்டர் வேகத்துல சீரா போயிட்டிருக்கீங்க. ஆக்சிலரேட்டர்ல கால் லேசா இருக்கு. திடீர்னு ரம்பிள் ஸ்ட்ரிப் மேல ஏறின மாதிரி ஒரு தடதடப்பு. ஒரு செகண்ட், மிஞ்சிப் போனா மூணு செகண்ட். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி அமைதி. கண்ணாடியில ரோட்டைப் பார்த்தா வழவழன்னு கிடக்கு. இதுக்குப் பேர் டார்க் கன்வெர்ட்டர் ஷடர். பட்டறையில "ஜட்டர்"னு சொல்வாங்க, "வைப்ரேஷன்"னு சொல்வாங்க, சில இடத்துல நேரா "கியர்பாக்ஸ் போச்சு சார்"னு சொல்வாங்க. அந்த மூணாவது வாக்கியத்தோட விலை ஒண்ணரை லட்சம், ரெண்டு லட்சம். செகண்ட் ஹேண்ட்ல ஆட்டோமேட்டிக் வாங்கின நம்ம வயசுக்காரங்களுக்கு அது சில சமயம் காரோட விலையில பாதி.

அந்த நடுக்கம் எங்கிருந்து வந்ததுன்னு பின்னாடியே போனா, கார் கம்பெனிக்கே போகாது. கப்பல் கட்டுற இடத்துக்குப் போகும்.

1900களின் தொடக்கம். ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரம், இன்னைக்கு அது போலந்துல இருக்கு. அங்கே வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற இன்ஜினியருக்கு ஒரு தலைவலி. நீராவி டர்பைன் புதுசாக வந்திருந்தது. அது ரொம்ப வேகமாகச் சுற்றினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். கப்பலின் ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ளும். நடுவில் ஒரு கியர் வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய சக்தியைத் தாங்கும் அளவுக்குத் துல்லியமான பற்களை அன்றைக்கு வெட்ட முடியவில்லை. ஃபோட்டிங்கர் என்ன செய்தார் என்றால், பல்லே வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஒரு சக்கரம் திரவத்தை வீசும், எதிரில் இருக்கும் இன்னொரு சக்கரம் அந்த வீச்சை வாங்கிக்கொண்டு சுற்றும். ரெண்டு ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஆன் செய்தால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா, அதுதான். 1905ல் காப்புரிமை வாங்கினார். நடுவில் அசையாத மூன்றாவது சக்கரம் ஒன்றையும் வைத்தார். திரும்பி வரும் திரவத்தை அது சரியான திசைக்குத் திருப்பிவிடும். அதனால் வெளியே வரும் சுழற்சியின் வேகம் குறையும், முறுக்கு விசை கூடும். அந்த மூன்றாவது சக்கரம்தான் ஸ்டேட்டர். அது இல்லையென்றால் வெறும் ஃப்ளூயிட் கப்ளிங், இருந்தால் டார்க் கன்வெர்ட்டர்.

கொஞ்ச வருஷத்தில் கியர் வெட்டும் மெஷின்கள் முன்னேறிவிட்டன, கப்பலுக்கு இது தேவைப்படாமல் போய்விட்டது. சொந்த வீட்டுல வேலையில்லாம போன இந்தக் கண்டுபிடிப்பு ரோட்டுக்கு வந்தது.

இங்கேதான் நம்ம ஊருக்குக் கொஞ்சம் சொந்தமான ஒரு பெயர் வருது: லேலண்ட். எண்ணூர்ல இருக்குற அசோக் லேலண்டோட பேர்ல பாதி இங்கிலாந்துல லங்காஷையர்ல இருந்து வந்தது. அந்த லேலண்ட் 1930கள்ல "கியர்லெஸ்" பஸ் என்று ஒன்று விற்றது. ஸ்வீடன்காரரான ஆல்ஃப் லிஷோல்மின் வடிவமைப்பில் வந்த டார்க் கன்வெர்ட்டர் அதில் இருந்தது. டிரைவர் வண்டியைக் கன்வெர்ட்டரில் கிளப்புவார். வேகம் பிடித்ததும் ஒரு லீவரைத் தள்ளுவார். அப்போது கன்வெர்ட்டர் ஒதுங்கிக்கொள்ளும், இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தோடு இணையும்.

ஏன் அந்த லீவர்? ஏனென்றால் திரவம் எப்போதும் கொஞ்சம் நழுவும். உள்ளே வரும் சக்கரம் நூறு சுற்று சுற்றினால் வெளியே போகும் சக்கரம் அதைவிடச் சில சுற்று குறைவாகத்தான் சுற்றும். மீதி எல்லாம் சூடாகப் போகும். சூடு என்றால் எரிபொருள். பஸ் கம்பெனிக்காரர்கள் கணக்கு பார்ப்பவர்கள். அந்த வாகனங்கள் டீசல் அதிகம் குடிக்கின்றன என்ற புகார் கடைசிவரை தீரவில்லை.

இந்த ஒரு லீவரை ஞாபகம் வெச்சுக்குங்க. மீதி வரலாறு முழுக்க அந்த லீவரை யார் தள்ளுறதுங்கிறதுதான்.

இந்தியாவுலயும் ஒருத்தர் இதே கேள்விக்குப் பதில் தேடினார். ரயில்வே இன்ஜினியர் மன்மோகன் சூரி. டீசல் ரயில் இன்ஜினுக்காக அவர் வடிவமைத்த சூரி டிரான்ஸ்மிஷனில், கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர், வேகம் வந்ததும் நேரடி மெக்கானிக்கல் இணைப்பு. இந்த மாற்றம் இழுவை விட்டுப்போகாமல், குலுக்கல் இல்லாமல் நடக்கணும் என்பதுதான் சவாலே. சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூ.டி.எஸ்.4 ஷண்டிங் இன்ஜின்களில் இது ஓடியது. 1962ல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐ.டி.க்குப் போன எங்க செட்டுல ஒருத்தருக்குக்கூட இவர் பேர் தெரியாது. நாலு வருஷம் படிச்சதுல அமெரிக்கப் பேர் நிறைய வந்தது, இது வரலை.

கார் பக்கம் வருவோம். 1939ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அறிவித்தது. அதில் இருந்தது கப்ளிங் மட்டும்தான். 1948 மாடல் ப்யூக்கில் டைனாஃப்ளோ வந்தது. அதுதான் அமெரிக்கச் சொகுசுக் காரில் பெரிய அளவில் வந்த டார்க் கன்வெர்ட்டர். கியர் மாறும் உணர்வே இருக்காது, பாயசத்துல கரண்டி போகுற மாதிரி போகும். ஆனா மந்தம், பெட்ரோல் செலவும் அதிகம். அடுத்த வருஷம், 1949ல், பக்கார்ட் கம்பெனி அல்ட்ராமேட்டிக்கை வெளியிட்டது. கன்வெர்ட்டருக்கு உள்ளேயே ஒரு க்ளட்ச். வேகம் பிடித்ததும் அது தானாகவே ஒட்டிக்கொண்டு நழுவலை நிறுத்திவிடும். லேலண்ட் டிரைவர் கையால் தள்ளிய லீவரை இங்கே ஆயில் பிரஷர் தள்ளியது. இதுதான் லாக்-அப் க்ளட்ச்.

பக்கார்ட் கொஞ்ச வருஷத்துல மூடிட்டாங்க. லாக்-அப்பும் சுமார் இருபது வருஷம் தூங்கிருச்சு. பெட்ரோல் மலிவா இருக்கும்போது யார் இதுக்குச் செலவு பண்ணுவாங்க? 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975ல் அமெரிக்காவில் காரின் மைலேஜுக்குச் சட்டம் வந்தது. 1978 மாடலில் கிரைஸ்லர் லாக்-அப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் பின்னாடியே வந்தன.

இதே காலத்துல இன்னொரு பக்கம் ஒரு வினோதமான விஷயம் நடந்தது. இதைச் சொல்லாம என்னால போக முடியாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஊத்துற ஆயிலுக்கு ஏ.டி.எஃப்.னு பேர். அது வழுக்கவும் வேணும், பிடிக்கவும் வேணும். பல்சக்கரத்துக்கு வழுக்கல், க்ளட்ச்சுக்குப் பிடி. இந்த ரெண்டையும் சமாளிக்க அதுல ஒரு பொருள் கலப்பாங்க. 1970 வரைக்கும் அந்தப் பொருள் பல ஆயில்கள்ல என்ன தெரியுமா? ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த எண்ணெய். நம்ம கடற்கரையில அடிக்கடி நியூஸ்ல வருதே, அம்பர்கிரிஸ் கடத்தினாங்க, கோடிக்கணக்குல மதிப்புன்னு, அதே திமிங்கிலம்தான். 1970ல் அமெரிக்கா அதை அழியும் நிலையில் உள்ள உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது, எண்ணெய் வரத்து நின்றது. வேதியியல்காரர்கள் மாற்றுப் பொருள் தேடி ஓடினார்கள். ஆக, மைலேஜ் சட்டம் லாக்-அப்பைக் கேட்ட அதே சமயத்துல, ஆயிலோட பிடிமானத்தை முதல்ல இருந்து புதுசா எழுத வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர்ல சொல்லணும்னா, லைப்ரரியை மாத்துற வாரத்துலயே புது ஃபீச்சரும் ரிலீஸ்.

இப்ப நடுக்கம் எப்படிப் பிறக்குதுன்னு பார்ப்போம். இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

மர நாற்காலியைத் தரையில மெதுவா தள்ளிப் பாருங்க. டர்ர்ர்னு ஒரு சத்தம், கையில ஒரு அதிர்வு. நாற்காலிக் கால் ஒட்டும், விசை சேரும், பிச்சுக்கிட்டு நழுவும், மறுபடி ஒட்டும். செகண்டுக்குப் பல தடவை. ஒட்டி நிக்கும்போது இருக்குற உராய்வு, நழுவும்போது இருக்குறதைவிட அதிகம். அதனாலதான் இந்த ஆட்டம். எண்ணெய் போடாத கதவுக் கீல், சாக்பீஸ் கீச், பிரேக் கீச், எல்லாம் ஒரே குடும்பம். வயலின் வாசிக்கிறவங்க வில்லுல ரோசின் தேய்க்கிறது இந்த ஒட்டு-நழுவு ஆட்டத்தை வேணும்னே உண்டாக்கத்தான். கம்பி பாடணும்னா ஆட்டம் வேணும். லாக்-அப் க்ளட்ச் பாடக் கூடாது. அதனால ஏ.டி.எஃப். ரோசினுக்கு நேர் எதிரா நடந்துக்கணும். நழுவல் வேகம் குறையக் குறைய உராய்வும் மெல்லக் குறையணும். அப்பதான் க்ளட்ச் கடைசி நொடியில வழுக்கிட்டே போய் சத்தமில்லாம ஒட்டும். ஆயில்ல இருக்குற உராய்வுச் சேர்மானம் சூட்டுல கெட்டுப்போனா, இந்தச் சரிவு தலைகீழா மாறும். வேகம் குறையும்போது உராய்வு கூடும். அப்ப க்ளட்ச் நாற்காலிக் கால் ஆயிடும்.

இதுல இன்னொரு சிக்கல். பழைய லாக்-அப் ஆன், ஆஃப் ரெண்டே நிலைதான். ஒட்டிட்டா நழுவாது, ஆனா இன்ஜினோட ஒவ்வொரு துடிப்பும் நேரா சீட்டுக்கு வரும். அதனால 1990கள்ல கம்ப்யூட்டர் வந்ததும் ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் ஒரு தந்திரம் பண்ணாங்க: க்ளட்ச்சை முழுசா ஒட்ட விடாம, சில பத்து ஆர்.பி.எம். மட்டும் எப்பவும் நழுவ விடுறது. துடிப்பு வடிகட்டப்படும், மைலேஜும் கிட்டத்தட்ட முழுசா கிடைக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, முன்னாடி ஒரு க்ளட்ச் அரை செகண்ட் மட்டும் இருந்த ஆபத்தான நிலையில இப்ப மணிக்கணக்கா இருக்குது. ஷடர் ஒரு பொது வியாதியாக மாறினது இந்தக் காலத்துலதான். ஜப்பானில் 1995ல் ஆயிலின் ஷடர் எதிர்ப்பை அளப்பதற்கென்றே ஒரு தனிச் சோதனை முறை வந்தது, ஜாசோ எம்349. ஃபோர்டு 1990களின் பிற்பகுதியில் மெர்கான் 5 என்ற புது ஆயிலுக்கு மாறியதற்கும் ஷடர் ஒரு முக்கியக் காரணம்.

அந்த லீவரை இப்ப யார் தள்ளுறாங்க? ஒரு புரோகிராம். நாங்க எழுதுற மாதிரி ஒரு கண்ட்ரோல் லூப். அது நல்லா இருக்கணும்னா ஆயில் எப்படி நடந்துக்கும்னு அது நம்பியிருக்கிறது உண்மையா இருக்கணும். ஆயில் பழசானா கோட் அப்படியே இருக்கும், நம்பிக்கை மட்டும் பொய்யாயிடும்.

இனி ஊருக்கு வருவோம். சென்னையோட மேற்குப் புறநகர் இந்தக் கதைக்கு வெறும் பின்னணி இல்லை. பாடியில் 1962லிருந்து பிரேக்ஸ் இந்தியா, அங்கேயே சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ராணே பிரேக் லைனிங். உராய்வை எடை போட்டு விற்கிற ஊர்னே சொல்லலாம். பிரேக் லைனிங் உலர்ந்த உராய்வு, லாக்-அப் க்ளட்ச் ஆயில்ல நனைஞ்ச காகித உராய்வு. ஆமாம், காகிதம்தான்: நார்களை அழுத்தி, பிசின் ஏற்றிச் செய்த மெல்லிய வளையம். ரெண்டு டன் எடை காரை நெடுஞ்சாலையில் இழுப்பது அந்தக் காகிதம் வழியாகத்தான்.

இன்னும் மேற்கே போனால் ஆவடி. எல்லாரும் டேங்க் ஃபேக்டரினு சொல்ற கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டேங்க் 1965 கடைசியில் வெளிவந்தது. அதற்குள் இருந்த எல்60 இன்ஜின் லேலண்டின் வடிவமைப்பு, நம்ம கியர்லெஸ் பஸ் லேலண்ட்தான். அடுத்து வந்த ரஷ்ய வம்சத்து டி-72ல் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. டிரைவர் க்ளட்ச் மிதித்து ஏழு கியரையும் தானே போடணும். ஆவடியிலேயே இருக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் வடிவமைத்த அர்ஜுனில்தான் கதை மாறியது. 1,400 குதிரைத்திறன் ஜெர்மன் எம்.டி.யு. இன்ஜின், அதோடு ஜெர்மனியின் ரெங்க் கம்பெனி கியர்பாக்ஸ், அதில் டார்க் கன்வெர்ட்டர், முன்னே போக நாலு கியர், பின்னே வர ரெண்டு. முதல் மாடலே ஏறக்குறைய 58 டன். 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்த 1ஏ மாடல் இன்னும் கனம், 68 டன் பக்கம். அந்த எடையை நின்ற இடத்திலிருந்து மணலில் கிளப்பணும்னா, கிளம்பும் நொடியில் முறுக்கு விசையைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு திரவம் எவ்வளவு உதவி என்று கணக்குப் போட்டுக்குங்க. ஃபோட்டிங்கர் கப்பலுக்கு யோசித்தது பட்டாபிராம் பக்கத்துல டேங்க்ல ஓடுது. அதே பக்கம் ஒரகடத்துல பஸ், லாரிகளுக்கான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்யும் அலிசன் தொழிற்சாலை இருக்கு.

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் இருங்காட்டுக்கோட்டை. 1998ல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்த இடம். சான்ட்ரோவிலேயே பின்னாடி ஒரு ஆட்டோமேட்டிக் வந்தது, வாங்கினவங்க கொஞ்சம் பேர்தான். அன்னைக்கு ஆட்டோமேட்டிக் என்றால் பணக்காரர் வண்டி, இல்லைன்னா முழங்கால் வலிக்காரர் வண்டி. 2014ல் மாருதி செலெரியோ ஏ.எம்.டி.யோட வந்த பிறகுதான் நிலைமை மாறிச்சு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடணும். ஏ.எம்.டி.யில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. அது மேனுவல் கியர்பாக்ஸ், க்ளட்ச்சை ஒரு ரோபோ மிதிக்குது. டி.சி.டி.யில் ரெண்டு க்ளட்ச், அதிலும் பொதுவா கன்வெர்ட்டர் இல்லை. அதுங்களும் குலுங்கும், ஆனா காரணமும் வைத்தியமும் வேற. இன்னைக்கு நாம பேசுறது டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும், கன்வெர்ட்டர் வெச்ச சி.வி.டி.யும் மட்டும். உங்க கார்ல என்ன இருக்குன்னு தெரியாம யூட்யூப் பார்த்து எதையும் ஊத்தாதீங்க.

ஆவடியில இருக்குற என் மாமா டேங்க் ஃபேக்டரியில மெஷின் ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆனவர். பத்து வருஷப் பழைய ஆறு கியர் ஆட்டோமேட்டிக் செடான் ஒண்ணு வெச்சிருக்கார். அதுல இந்தத் தடதடப்பு வந்தது. ஒரு சர்வீஸ் சென்டர்ல ஓட்டியே பார்க்காம, கியர்பாக்ஸ் மொத்தமா மாத்தணும், ஒண்ணே முக்கால் லட்சம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. மாமா பேப்பரை என்கிட்ட நீட்டி, "மாப்ளே, கம்ப்யூட்டர் எடுத்துட்டு வா, ஒரு ரவுண்டு போகலாம்"னார்.

சி.டி.எச். சாலையில முதல்ல போனோம். பாடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி. நடுக்கம் வரவே இல்லை. வராது. அந்த டிராஃபிக்ல வண்டி லாக்-அப் ஆகுற வேகத்துக்கே போகலை. ஆனா அங்கதான் ஆயில் கெடுது. நின்னு நின்னு கிளம்பும்போது கன்வெர்ட்டர் முழுசா நழுவுது, முழுசா சூடாகுது. மெட்ரோ வேலை நடந்த வருஷங்கள்ல போரூர், ஐயப்பந்தாங்கல், பூந்தமல்லி வழியா ஆபீஸ் போனவங்க வண்டிக்கும் இதே கதிதான். அப்புறம் நெமிலிச்சேரிகிட்ட வெளிவட்டச் சாலையில ஏறி 65ல பிடிச்சோம். வந்துச்சு. தட தட தட. "கேட்டியா?"ன்னார் மாமா. கேட்டது.

ஓ.பி.டி. போர்ட்ல மாட்டுற சின்ன ப்ளூடூத் டாங்கிள் ஒண்ணு, போன்ல ஒரு ஆப். நான் பார்த்தது ரெண்டே எண்: இன்ஜின் ஆர்.பி.எம்., கியர்பாக்ஸ் உள்ளே நுழையும் ஷாஃப்ட்டோட ஆர்.பி.எம். முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா நழுவல். நல்ல க்ளட்ச்சுல லாக்-அப் ஆகும்போது அந்த வித்தியாசம் சரிஞ்சு வந்து ஒரு சின்ன எண்ணுல அமைதியா உக்காரும். மாமா கார்ல அது ரம்பப் பல்லு மாதிரி மேலயும் கீழயும் குதிச்சது. தடதடப்பு வந்த அதே நொடியில. எல்லா ஆப்பும் எல்லாக் கார்லயும் இந்த ரெண்டாவது எண்ணைக் காட்டாது, கொஞ்சம் நல்ல ஸ்கேன் டூல் தேவைப்படலாம்.

டாங்கிள் இல்லாமலும் ஒரு சோதனை இருக்கு. பின்னாடி வண்டி இல்லாத நேரான ரோடு, பக்கத்துல ஒரு ஆள் கண்ணாடி பார்க்கணும். நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வெச்சுக்கிட்டு, பிரேக் லைட் எரியுற அளவுக்கு மட்டும் பிரேக்கை லேசா தொடணும். பெரும்பாலான கார்ல பிரேக் தொட்டதும் கம்ப்யூட்டர் லாக்-அப்பை விட்டுடும். நடுக்கம் அதே நொடியில நின்னா சந்தேகம் கன்வெர்ட்டர் மேல. புது கார்ல ரெண்டையும் சேர்த்து மிதிச்சா இன்ஜின் பவரையே குறைச்சிடும், அதனால அழுத்தாதீங்க, தொடுங்க.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துறேன்னா, ஷடர் மாதிரியே நடிக்கிற ஆளுங்க நிறைய. தேய்ஞ்ச ஸ்பார்க் ப்ளக், செத்துக்கிட்டிருக்குற இக்னிஷன் காயில், ரெண்டும் லேசான மிதியில இதே மாதிரி உலுக்கும். ஆனா அது மேம்பாலம் ஏறும்போது இன்னும் மோசமாகும், பிரேக் தொட்டாலும் நிக்காது, பல சமயம் மிஸ்ஃபயர் கோட் பதிவாகியிருக்கும். டயர் பேலன்ஸ் பிரச்சினைன்னா வேகத்தோட மட்டும் சேரும், நியூட்ரல்ல போட்டாலும் ஸ்டியரிங் ஆடும். கிழிஞ்ச இன்ஜின் மவுண்ட், தேய்ஞ்ச சி.வி. ஜாயின்ட் எல்லாம் வரிசையில நிக்குது. சில நூறு ரூபா ப்ளக்குக்காக கியர்பாக்ஸை இறக்கின கதைகள் உண்டு. எதிர்ப்பக்கமும் உண்டு: கன்வெர்ட்டர் ஷடரை மிஸ்ஃபயர்னு நினைச்சு காயில் காயிலா மாத்துறது.

மாமா கார்ல டிரெயின் போல்ட்டைக் கழட்டினதும் வந்தது டீ டிகாக்ஷன் கலர். புதுசுல அது தெளிவான சிவப்பு. ஆனா வெறும் கலரை வெச்சு முடிவெடுக்க முடியாது. மோந்து பார்த்தா தீய்ஞ்ச வாடை இருக்கா, தட்டுல உலோகத் துகள் இருக்கா, அதுதான் கேள்வி. மெல்லிய சாம்பல் பூச்சு காந்தத்துல இருந்தா சாதாரணம். கண்ணுக்குத் தெரியுற சீவல் இருந்தா ஆயில் மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்லை. மாமா கார்ல சீவல் இல்லை.

சர்வீஸ் சென்டர்ல கேட்டா "சார், இது லைஃப்டைம் ஆயில், மாத்தவே தேவையில்லை"ன்னு சொல்வாங்க. யாரோட லைஃப்டைம்னு யாரும் சொல்றதில்லை. பல கார்களோட மேனுவலைப் புரட்டினா கடினமான பயன்பாட்டுக்குத் தனி அட்டவணை இருக்கும்: கடும் வெயில், நின்னு நின்னு போற டிராஃபிக், தூசி. அம்பத்தூர்ல வீடு, கிண்டியில வேலைன்னா அந்த மூணுலயும் டிக் போட்டுடலாம். என் அபிப்பிராயம், நம்ம ஊர்ல அந்த அட்டவணைதான் சாதாரண அட்டவணை.

மாத்தும்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு தடவை டிரெயின் பண்ணா எல்லா ஆயிலும் வராது, நிறைய கன்வெர்ட்டருக்குள்ளயே தங்கிடும். ஒரு தடவைக்கு 40 சதவீதம் வருதுன்னு வெச்சுக்குவோம். மீதி பழசு 60. ரெண்டாவது தடவைக்கு அப்புறம் 36. மூணாவதுக்கு அப்புறம் ஏறக்குறைய 22. அதனாலதான் ஒரே தடவை மாத்திட்டு "போகலையே"ன்னு சொல்றவங்க பாதிக் கிணறு தாண்டினவங்க. மாமாவுக்குத் தெரிஞ்ச அம்பத்தூர் பட்டறை ஒண்ணுல, நடுவுல சில நூறு கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி மூணு தடவை மாத்தினோம், தட்டுக்கு மேல இருக்குற ஃபில்டரையும். கம்பெனி மேனுவல்ல சொன்ன ஸ்பெக் மட்டும், "எல்லாத்துக்கும் சேரும் சார்" டப்பா கிடையாது. அளவு பார்க்குறதும் மேனுவல்ல சொன்ன ஆயில் சூட்டுல. ரெண்டாவது மாத்துல தடதடப்பு அரிதாச்சு. மூணாவதுக்கு அப்புறம் வெளிவட்டச் சாலையில வண்டலூர் வரைக்கும் போய்ட்டு வந்தோம், கோடு சமமா இருந்தது. மொத்தச் செலவு அந்த எஸ்டிமேட்டுல பத்துல ஒரு பங்குக்கும் கீழ.

எல்லாருக்கும் இப்படி முடியாது. மாசக்கணக்கா நடுக்கத்தோட ஓட்டின வண்டியில அந்தக் காகித வளையம் கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிருக்கும். அதை எந்த ஆயிலும் திருப்பாது, கன்வெர்ட்டரை இறக்கி மாத்தணும். அப்பவும் கன்வெர்ட்டர் மட்டும்தான், முழு கியர்பாக்ஸ் இல்லை, அதைக் கேட்டு வாங்குங்க. சில மாடல்களுக்கு லாக்-அப் பிரஷரை மாத்துற சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கும், சிலதுல அந்தப் பிரஷரைத் திறந்து மூடுற சோலினாய்டு தேய்ஞ்சிருக்கும். கடையில விக்கிற ஷடர் மருந்து பாட்டில் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுல இருக்கிறதும் உராய்வுச் சேர்மானம்தான். பழைய ஆயிலுக்குக் கொஞ்ச நாள் உயிர் கொடுக்கும். கார் விக்கிறவர் டெஸ்ட் டிரைவுக்கு முந்தின நாள் அதை ஊத்தியிருந்தா உங்களால கண்டுபிடிக்க முடியாது. வாங்குறவங்க சர்வீஸ் ரெக்கார்டுல ஏ.டி.எஃப். வரி இருக்கான்னு பாருங்க.

பெரிய கம்பெனிகளும் இதுல மாட்டாம இல்லை. 2015லிருந்து வந்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் மேல 2018ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள், அது வருஷக்கணக்கில் இழுத்தது. புகாரில் ஒன்று இதே ஷடர். ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது ஒரு காரணம் என்று தெரிந்தது. கடைசியில் டீலர்களுக்குப் போன வைத்தியம், பழைய ஆயிலை முழுசாக வெளியேற்றிவிட்டுப் புதுக் கலவை ஆயிலை ஊற்றுவது.

ஈரம்னதும் நமக்கு டிசம்பர் ஞாபகம் வரணும். 2015 வெள்ளம், 2023ல் மிக்ஜாம். தண்ணியில நின்ன வண்டின்னா இன்ஜினை எல்லாரும் பார்க்கிறாங்க. கியர்பாக்ஸுக்கு மேல ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கு, அது மூழ்கினா உள்ளே தண்ணி. இன்னொரு வழி, ரேடியேட்டருக்குள்ளயே இருக்குற ஆயில் கூலர் உடைஞ்சு கூலன்ட் கலக்குறது. ரெண்டுலயும் ஆயில் ரோஸ்மில்க் மாதிரி ஆயிடும். தண்ணி அந்தக் காகித வளையத்தோட பிசினை ஊறவெச்சு உரிச்சிடும். வெள்ளத்துல நின்ன ஆட்டோமேட்டிக்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஏ.டி.எஃப்.பைச் சொட்டு எடுத்துப் பாருங்க. ரோஸ் கலர் தெரிஞ்சா வண்டியை ஓட்டாதீங்க, டோ பண்ணுங்க. நாலு சக்கரமும் தரையில இல்லாம, ஃப்ளாட்பெட்ல.

அடுத்த எபிசோட் பாடி மேம்பாலம் வர்றதுக்கு முன்னாடி அந்த ஜங்ஷன் எப்படி இருந்ததுன்னு. பழைய போட்டோ வெச்சிருக்கிறவங்க அனுப்புங்க.